பதிவில் பெய்த மழை

காலை வேளையில் கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாம்பரம் பக்கம் பார்த்து நிற்பார்கள். எதிர் நடைமேடையில் செங்கல்பட்டுப் பக்கம் பார்த்து நிற்கும் சிலரில் ஒருத்தி ஹெலன். ஊரே ஒரு திசையில் முண்டியடித்துக்கொண்டு போகும் நேரத்தில் எதிர்த்திசையில் போகிறவளுக்கு ஜன்னலோர இருக்கை தினமும் கிடைக்கும். பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும்.

முன்பெல்லாம் அந்த இருக்கையில் சுஷ்மிதா உட்கார்ந்து வருவாள். செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். டப்பாவைத் திறந்து இட்லியைப் பாதியாகப் பிட்டு ஹெலனின் கையில் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். அந்தச் சிநேகம் ஒரே பேச்சில் முடிந்தது.

"இன்னாக்கா, நேத்து பேப்பர்ல வந்துச்சே, நம்ம ஏரியா கேஸு. சின்னப் பொண்ணாம். அது உங்க கோர்ட்டுக்குத்தான வரும்?"

"எங்க கோர்ட்டுக்கு எவ்வளவோ வருது, சுஷ்மிதா."

"பேரு வாணாம். எந்தத் தெருன்னு மட்டும் சொல்லு. எனுக்கும் வூட்ல பொண்ணு கீதுல்ல?"

"தெரியாது."

"டைப் அடிக்கறதே நீ, உனுக்குத் தெரியாதா? சரி வுடு. வாய்ல பூட்டப் போட்டுகினு பக்கத்துல வந்து குந்தினா நான் செவுத்தோட பேசற மாதிரிதான்க்கா கீது."

மறுநாளிலிருந்து சுஷ்மிதா வேறு பெட்டியில் ஏறினாள். ஹெலன் அவளைக் குறை சொல்லவில்லை. பெண்ணைப் பெற்றவள் கேட்டதில் தப்பில்லை, சொல்லாததிலும் தப்பில்லை. தப்பே இல்லாத இடத்திலும் ஒரு சிநேகம் முறியலாம் என்பதை அன்று அவள் அறிந்துகொண்டாள்.

செங்கல்பட்டில், குழந்தைகளுக்கு இழைக்கப்படும் குற்றங்களை விசாரிக்கும் நீதிமன்றம் ஒன்றில் ஹெலன் தட்டச்சர். பிள்ளையின் பெயரையோ, தெருவையோ, பள்ளியையோ வெளியில் சொல்லக் கூடாது என்பது சட்டம். மற்ற ஊழியர்களுக்கு அது அலுவலகத்தோடு முடிந்துபோகிற ஒரு விதி. ஹெலனுக்கோ அது வீடு வரை கூடவே வந்தது. அம்மா இறந்தபின் அவள் தனியாகத்தான் இருக்கிறாள். கோயம்புத்தூரிலிருந்து தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். "என்னக்கா விசேஷம்?" என்பாள். "ஒண்ணுமில்ல" என்பாள் ஹெலன். அது பொய்யில்லை, சொல்லத்தக்கது ஒன்றுமில்லை என்பதன் சுருக்கம். சர்ச்சில் ஜெபக் குறிப்புக் கேட்கும்போது எல்லாரும் பெயர் சொல்லிக் கேட்பார்கள்: மருமகனின் வேலைக்கு, மாமியாரின் கண்ணுக்கு. ஹெலன் ஒருமுறை எழுந்து, "ஒரு பிள்ளைக்காக" என்றாள். "பேரு, சிஸ்டர்?" என்று கேட்டார் போதகரின் மனைவி. "கர்த்தருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதன்பிறகு அவள் எழுந்ததில்லை.

அந்த நீதிமன்றத்தில் பிள்ளைகளைக் கூண்டில் ஏற்றுவதில்லை. நீதிபதியின் அறையில், ஜன்னலையொட்டிய சோபாவில் உட்கார வைத்துக் கேட்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அந்த அறைக்குள் வருவதில்லை; அவருடைய வழக்கறிஞர் தம் கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கொடுக்க, நீதிபதி அதைப் பிள்ளையின் மொழியில் கேட்பார். பிள்ளை சொல்வதைப் பதிவுக்கு ஏற்ற நடையில் நீதிபதி சொல்லச் சொல்ல, ஹெலன் தட்டச்சு செய்வாள். விசைப்பலகை தடதடத்தால் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று, அறையின் ஒரு மூலையைப் பச்சைத் துணியால் தடுத்து, ஹெலனின் மேசையை அதற்குப் பின்னால் போடச் சொன்னவர் இப்போதைய நீதிபதி. அதனால் ஹெலன் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. பிள்ளை வருமுன் துணிக்குப் பின்னால் போய்விடுவாள். போனபின்தான் வெளியே வருவாள். எத்தனையோ குரல்கள் அவள் காதில் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கும் முகம் கிடையாது.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. அது அவளுடையது மட்டுமல்ல, அந்த வளாகத்துத் தட்டச்சர்கள் எல்லாருக்கும் உள்ளது. புதிய சாட்சியத்தை அவர்கள் வெற்றுத் திரையில் தொடங்குவதில்லை. முந்தைய பிள்ளையின் சாட்சியத்தைத் திறந்து, புதிய வழக்கு எண்ணில் சேமித்து, அதன்மேல் எழுதுவார்கள். தலைப்பு அப்படியே இருக்கும். "உண்மை பேசுவது நல்லதா, பொய் பேசுவது நல்லதா" என்பது போன்ற தொடக்கக் கேள்விகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். "படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டேன்" என்ற கடைசி வரியும் அப்படியே நிற்கும். இடையில் உள்ளதை அழித்துவிட்டு இந்தப் பிள்ளையின் கதையை நிரப்பினால் வேலை முடிந்தது. கைக்கும் வலியில்லை, நேரமும் மிச்சம்.

அன்று வந்தவள் செய்யூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த சிறுமி. நான்காம் வகுப்பு. பள்ளி வேனில் கடைசியாக இறங்குகிறவள். அவளுடன் பெரியம்மா பூவாயியும், வழக்கு முழுவதும் பிள்ளைக்குத் துணையாக நியமிக்கப்பட்ட துர்காதேவியும் வந்திருந்தார்கள். பெரியம்மாவை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டுத் துர்காதேவி மட்டும் உள்ளே வந்தாள்.

"இன்னிக்கு ஒரே ஒரு வாட்டி சொல்லிடு, கண்ணு. அவ்ளோதான். இனிமே யாருகிட்டயும் சொல்ல வேணாம்" என்று துர்காதேவி சொல்வது துணிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"நெசமா?"

"நெசமா. முடிச்சிட்டு மாபல்லிபுரம் போய் கடலு பாக்கலாம்."

"போன வாட்டியும் ஒரே வாட்டின்னுதான் சொன்னாங்க. போலீஸ் அக்காவும் அப்டித்தான் சொன்னாங்க."

சற்றே கரகரத்த குரல். சொல்லின் கடைசியில் ஒரு தட்டு தட்டி நிறுத்துகிற குரல். ஹெலன் விரல்களை விசைகள்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சாட்சியம் நல்லபடியாகத்தான் நடந்தது. நீதிபதி தெற்கத்திச் சீமைக்காரர், அவசரப்படாதவர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உலகநாதன் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளில் சிலவற்றை மடித்து வைத்துவிட்டார். ஓரிடத்தில் மட்டும் வெகுநேரம் சத்தமே இல்லை. "யாரும்மா?" என்று நீதிபதி கேட்ட பிறகு, மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது. அப்புறம் நீதிபதியின் குரல்: "அது வேன் ஓட்டும் மாமா என்று கூறினேன்." ஹெலன் அப்படியே அடித்தாள். பிள்ளை மெல்லச் சொல்லியிருக்கும், தன் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

முடியும்போது சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. "பசிக்குது" என்றது குரல். சாட்சியத்தைப் படித்துக் காட்டுவது பெஞ்ச் கிளார்க் லக்ஷ்மிநாராயணனின் வேலை. அவர் படிப்பது, நிற்காத விரைவு ரயில் சிறிய நிலையத்தைக் கடப்பதுபோல் இருக்கும். பெட்டிகள் தெரியும், பெயர்ப்பலகை தெரியாது. அவர் மூச்சு வாங்கிய இடங்களிலெல்லாம் சிறுமி "ம்" என்றாள். பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டாள். போய்விட்டார்கள். வெளியே வந்த ஹெலன், இரட்டைப் பின்னல் ஒன்று பெரியம்மாவின் இடுப்பை ஒட்டி வளாகத்தின் வேப்பமரத்தைத் தாண்டிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

சாப்பிட்டு வந்து, எதிர்த்தரப்புக்குக் கொடுக்கவேண்டிய நகலைத் தைக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. கடைசிப் பக்கம்; ஒப்புதல் வரிக்கு மேலே தனியாக நின்ற ஒரே ஒரு வரி.

'அப்போது மழை பெய்துகொண்டிருந்தது.'

ஹெலன் அதை மறுபடியும் படித்தாள். சிறுமி மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இவள் வழக்கு சித்திரை மாதத்து வழக்கு. ஆனால் அந்த மழை யாருடையது என்று ஹெலனுக்குத் தெரியும். சென்ற வாரம் வந்த பிள்ளை, கடலோரத்து ஊர், ஐப்பசி மாதம். அந்தப் பிள்ளை அந்த வரியைச் சொல்லிவிட்டு ஒரு விக்கல் விக்கியது. அழிக்கும்போது பக்கம் புரண்ட இடத்தில் அந்த ஒரு வரி மட்டும் கடைசிப் பக்கத்தில் ஒதுங்கி நின்றுவிட்டது. ஒரு பிள்ளையின் மழை இன்னொரு பிள்ளையின் வாயில் பெய்திருக்கிறது. கீழே கையெழுத்தும் இருக்கிறது.

உலகநாதன் கெட்டிக்காரர். சித்திரையில் மழை இல்லை என்று வானிலை அலுவலகத்தில் ஒரு சான்று வாங்கிவிட்டால் போதும்: மழையைப் பற்றிப் பொய் சொன்ன பிள்ளை வேறெதைப் பற்றிச் சொல்லாது? இல்லையென்றால், தெளிவுபடுத்தவேண்டும் என்று பிள்ளையை மறுபடி வரவழைக்கக் கேட்பார். எப்படிப் போனாலும் அந்தக் குரல் இந்த அறையில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரும்.

அவள் காகிதத்தை லக்ஷ்மிநாராயணனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஒத்த வரிதானேம்மா. நகலு இன்னும் வெளில போவல. கடைசி ஷீட்ட மாத்தி அடி. அந்தப் பொண்ணுகிட்ட கையெழுத்து வாங்கியாறச் சொல்லி துர்காதேவிகிட்ட குடு. நாளைக்கு வந்துடும். ஜட்ஜம்மா இனிஷியல் போட்டுடுவாங்க."

"எதுக்குன்னு சொல்லி வாங்கறது?"

"பிள்ளைகிட்ட இன்னாத்த சொல்றது? இங்க போடும்மான்னா போடும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. முப்பது வருஷ அனுபவத்தில், யாருக்கும் தொந்தரவில்லாத வழி எதுவோ அதைச் சொன்னார். உண்மையாகவே அதில் யாருக்கும் தொந்தரவில்லை. சிறுமி இந்நேரம் எங்கோ சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்; கடலுக்குப் போவாள்; துர்காதேவியின் வாக்கு பலிக்கும். ஹெலன் கணினியின் முன் உட்கார்ந்தாள். அந்த வரியின்மேல் சுட்டியை வைத்தாள். ஒரு விசை. அவ்வளவுதான்.

இங்கே போடும்மா என்றால் அவள் போடுவாள். அதுதான் ஹெலனின் கையைப் பிடித்தது. இங்கே வாம்மா, யாரிடமும் சொல்லாதே என்று பெரியவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு நடந்த பிள்ளையின் வழக்கு இது.

அவள் எழுந்து நீதிபதியின் அறைக் கதவைத் தட்டினாள்.

நீதிபதி வரியைப் படித்தார். சத்தம் போடவில்லை. "குழந்தை எங்க இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

துர்காதேவி தொலைபேசியை எடுத்தபோது பின்னால் பஸ்களின் ஹாரன் சத்தம். "ஐயோ மேடம்! இப்பதான் மாபல்லிபுரம் பஸ்ல குந்தினோம். இன்னா சொல்லி கூட்டினு வருவேன்? முடிஞ்சிடுச்சின்னு சத்தியம் பண்ணிக் குடுத்தேனே!"

"சத்தியத்தை நான் காப்பாத்தறேன். கூட்டிட்டு வாங்க. வக்கீலையும் வரச் சொல்றேன்" என்றார் நீதிபதி.

வராந்தாவில் பூவாயியின் குரல் முதலில் வந்தது. "இன்னாத்துக்குப் புள்ளய போட்டு அலக்கழிக்கறீங்க? ஒரு நாளு வேலய வுட்டுட்டு வந்துகிறேன். கோர்ட்டா இது, இன்னாது?" அதற்குப் பதில் சொல்லத் தகுந்தவள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. செருப்புச் சத்தம் சோபாவின் அருகில் நின்றுவிட்டது. உட்காரவில்லை.

"மறுபடி சொல்லணுமா?"

"இல்லம்மா" என்றார் நீதிபதி. "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ காலையில சொன்னத நாங்க எழுதியிருக்கோம். அத நாங்க உனக்குச் சொல்றோம். நீ கேளு. தப்பா இருந்தா நிறுத்துன்னு சொல்லு. எத்தன தடவ வேணா நிறுத்தலாம். சரியா?"

"யாரு சொல்லுவாங்க?"

"அந்தத் துணிக்குப் பின்னால ஒரு ஆன்ட்டி இருக்காங்க. அவங்கதான் எழுதினாங்க." நீதிபதி குரலைச் சற்று உயர்த்தினார். "ஹெலன், எழுதியிருக்கிறத அப்படியே வாசிங்க. அப்புறம் அவளுக்குப் புரியற பேச்சுல ஒருதரம் சொல்லுங்க. மெதுவா."

ஹெலன் இத்தனை வருஷத்தில், பிள்ளைகள் இருக்கும்போது அந்த அறையில் வாய் திறந்ததே இல்லை. தண்ணீர் குடித்தாள். வாசித்தாள்.

"பிற மாணவர்கள் இறங்கிய பின்னர் வேனில் நான் மட்டுமே இருந்தேன்." நிறுத்தினாள். "மத்த பசங்கல்லாம் எறங்கிட்டாங்க. வேன்ல நான் மட்டும்தான் இருந்தேன்."

"ம்" என்றது குரல்.

அதன்பிறகு வரிக்கு வரி அப்படியே போயிற்று. பதிவில் உள்ளதெல்லாம் 'நான்' என்றே எழுதப்பட்டிருந்தது. சாட்சியத்தை அப்படித்தான் எழுதுவார்கள். எழுதும்போது ஹெலனுக்கு அது வெறும் விதி. வாய்விட்டுச் சொல்லும்போது அந்த 'நான்' அவள் தொண்டையிலிருந்து வந்தது. எனக்குப் பயமாக இருந்தது. நான் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். நாற்பதைத் தாண்டிய ஒருத்தி, பச்சைத் துணியைப் பார்த்தபடி, நடுங்காத குரலில் அதையெல்லாம் தனக்கு நேர்ந்ததாகச் சொல்லிக்கொண்டு போனாள். துணிக்கு அந்தப் பக்கம், யாருக்கு நேர்ந்ததோ அவள், ஒரு மேற்பார்வையாளரைப்போல "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

"அது வேன் ஓட்டும் மாமா என்று கூறினேன். வேன் மாமான்னு சொன்னேன்."

"நிறுத்து."

ஹெலன் நிறுத்தினாள்.

"நான் சொல்லல."

துர்காதேவி மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. உலகநாதனின் நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு வரியைச் சரிசெய்யப் போய் வழக்கையே குலைத்துவிட்டோமா?

"நான் வாயால சொல்லல" என்றது குரல், பொறுமையாக. "கையால காட்டினேன்."

"ஆமா" என்றார் நீதிபதி. "நீ காட்டினே. நான் பார்த்தேன். வக்கீல் சாரும் பார்த்தார். கூறினேன்னு எழுதச் சொன்னது நான்தான். அது என் தப்பு. நீ சரியாச் சொன்னே." பிறகு பதிவுக்கான குரலில் சொன்னார்: "யார் என்ற கேள்விக்குச் சாட்சி வாய்மொழியாகப் பதில் கூறாமல், இரு கைகளாலும் வண்டியின் ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோல் சைகை செய்து காட்டினார். வேன் ஓட்டுபவரா என்று நீதிமன்றம் கேட்டதற்குத் தலையை ஆட்டி ஆமோதித்தார்."

காலையில் மின்விசிறி மட்டும் ஓடிய அந்த மௌனத்தில் என்ன நடந்தது என்பதை ஹெலன் அப்போதுதான் அறிந்தாள்.

மேற்கொண்டு வாசித்தாள். கடைசிப் பக்கம் வந்தது. "அப்போது மழை பெய்துகொண்டிருந்தது. அப்ப மழ பேஞ்சிகினு இருந்துச்சு."

"நிறுத்து. மழ பெய்யல. வெயிலு. சீட்டு சுட்டுச்சு."

"அந்த வரி தட்டச்சுப் பிழையால் சேர்ந்தது, சாட்சி அதைக் கூறவில்லை" என்று நீதிபதி சொல்ல, ஹெலன் அடித்தாள்.

"அப்ப அந்த மழ யாரோடது?" என்று கேட்டாள் சிறுமி.

நீதிபதி விதியின் ஓரம்வரை வந்து நிற்கிறவர்போல் ஒரு கணம் யோசித்தார். "வேற ஒரு பிள்ளையோடதும்மா" என்றார்.

"அவளும் இங்க வந்தாளா?"

"வந்தா."

"அவளோடதுல அது கீதா? இல்ல, தப்பா எனுக்குப் போட்டுட்டீங்களா?"

"ஹெலன்?" என்றார் நீதிபதி.

"கீது, பாப்பா" என்றாள் ஹெலன். "அவளோடதுல பத்திரமா கீது."

"ம்" என்றாள் சிறுமி. அன்று அந்த அறையில் ஹெலன் தன் வாயால், தனக்காகச் சொன்னது அந்தப் பதில் மட்டும்தான்.

திருத்திய இடங்களில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். எதற்காகத் திருப்பி அழைக்கப்பட்டாள் என்பதும் பதிவில் ஏறியது. வெளியே வெயில் தாழ்ந்துவிட்டது. "கடலுக்கு இனி நேரமில்ல, கண்ணு. செய்யூர் பஸ் போயிடும்" என்று துர்காதேவி வராந்தாவில் சொல்வது கேட்டது. அதற்குச் சிறுமி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததையும் ஹெலன் எண்ணத்தில் வைத்துக்கொண்டாள்.

நீதிபதி எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். "உங்களத் தண்டிக்க இல்ல, ஹெலன். ஆனா நடந்தது கோப்புல இருக்கணும்." அவள் எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் வெற்றுத் திரையில் தொடங்கினாள். படித்துக் காட்டும் வேலையும் அவளுக்கே வந்தது. லக்ஷ்மிநாராயணனுக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. "மகராசி, எங்க வேலையையும் சேத்து நீயே பாரு" என்று சொல்லிவிட்டு, தேநீருக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். காலி இருக்கைகளின் வரிசையில் அதுவும் ஒன்றாகச் சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்து, சிறுமியை மறுபடி விசாரிக்கவேண்டும் என்று உலகநாதன் மனுப்போட்டார். கையெழுத்தான பின்பு சாட்சியம் மாறியது என்பது அவர் வாதம். மாறவில்லை, சாட்சியின் முன்னிலையிலும் அவர் முன்னிலையிலும் திருத்தப்பட்டது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் பதிவில் உள்ளது என்று மனு தள்ளுபடியானது. அந்த உத்தரவையும் ஹெலன்தான் அடித்தாள். தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட உலகநாதன் கோபிக்கவில்லை, சிரித்தார். "பிள்ள வாயத் தொறக்கலன்றது எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். கூறினேன்னு இருந்திருந்தா அத்த வெச்சே திருப்பிக் கூப்ட்டிருப்பேன். நீங்க மழய நிறுத்தப் போயி என் குடையையும் புடுங்கினீங்க."

வேன் ஓட்டியவனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டுக்குக் கோப்பு மட்டும் சென்னைக்குப் போயிற்று. சிறுமி எங்கும் போகவேண்டி வரவில்லை.

அடுத்த தை மாதம், காணும் பொங்கலன்று, ஹெலன் மாமல்லபுரத்துக்கு பஸ் ஏறினாள். வீட்டில் இருந்தால் எதிர்வீட்டுக்காரர்கள் கரும்பு கொடுக்க வருவார்கள். உட்கார்ந்து பேசத் தன்னிடம் பேச்சில்லாமல் போகும். கடற்கரையில் மணலே தெரியாத கூட்டம். குடும்பம் குடும்பமாக ஆளையாள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் யாரும் தன்னைக் கூப்பிடப்போவதில்லை என்பது அவளுக்கு ஒருவகையில் நிம்மதியாகவும் இருந்தது. மாங்காயும் அன்னாசியும் கீறி விற்கிற தள்ளுவண்டியின் முன் போய் நின்றாள்.

"பஸ்ஸுலதான் வந்தோம். நின்னுகினே வந்தோம்" என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

சற்றே கரகரத்து, கடைசியில் ஒரு தட்டு தட்டி நிற்கும் குரல். ஹெலன் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை.

அந்தக் குரல் வண்டியின் அருகில் வந்தது. இரட்டைப் பின்னல். ஒரு பல் விழுந்த வாய். முழங்கால்வரை ஈரமான பாவாடை. இந்த முகமா அது? இவ்வளவு சாதாரணமான, சந்தோஷமான முகமா? பக்கத்தில் பூவாயி, இடுப்பில் செருகிய சேலையோடு. இருவரும் ஹெலனைப் பார்த்தார்கள்; அவர்களுக்கு அவள் யாரோ ஒருத்தி.

"இன்னாக்கா, மாங்காவா, அன்னாசியா?" என்று கேட்டான் வண்டிக்காரன்.

ஹெலன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

தன் முகம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. குரல் தெரியும். இந்தக் குரல்தான், நான், நான் என்று, அதை முதலிலிருந்து கடைசிவரை சொன்னது. மாங்காய் என்கிற ஒரு சொல் போதும்; இந்தக் கடலும் ஈரப் பாவாடையும் மறைந்து, பச்சைத் துணியும் மின்விசிறியும் வந்துவிடும். இனி ஒருதரம் வேண்டாம் என்று எல்லாருமாகச் சேர்ந்து காப்பாற்றிக் கொடுத்ததை, ஒரு கீற்று மாங்காய்க்காகத் தான் கெடுப்பதா?

அவள் மாங்காயை விரலால் காட்டினாள். மிளகாய்த்தூள் டப்பாவை நோக்கி வேண்டாமென்று கையை ஆட்டினாள்.

"பேச வராதா?" வண்டிக்காரன் குரலைத் தணித்துக்கொண்டான். "அய்ய, பாவம்." அவன் அன்னாசியை எடுத்துத் தூளில் புரட்டப் போனான்.

"அண்ணா, அது இல்ல" என்றாள் சிறுமி. "அவுங்க காட்டினது மாங்கா. தூளு வாணான்னு கைய ஆட்டினாங்க. நீ பாக்கல."

"நீ சும்மா இரு" என்றாள் பூவாயி.

"இல்ல பெரிம்மா, அவுங்க சரியாத்தான் காட்டினாங்க." அவள் ஹெலனை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "மாங்காதான?"

ஹெலன் தலையை ஆட்டினாள்.

"பாத்தியா?" என்றாள் வண்டிக்காரனிடம். பிறகு தன் பங்கை வாங்கிக்கொண்டு, அலையைப் பார்த்து ஓடினாள். பூவாயி, "ஏய், ஆழத்துக்குப் போவாத!" என்று கத்திக்கொண்டே பின்னால் போனாள்.

ஹெலன் மாங்காயைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்தக் குரல் கூச்சல்களோடு கலந்தது. அப்புறம் அலையோடு கலந்தது. அப்புறம் எது அவளுடையது என்று பிரித்தறிய முடியாமல் போயிற்று. அதுவரை அவள் ஒரு கடி கூடக் கடிக்கவில்லை.

"எவ்ளோப்பா?" என்று கேட்டாள்.

வண்டிக்காரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். "யக்கா! பேசுவியா நீ?"

"ம்."

"அப்பறம் இன்னாத்துக்குக் கைய காட்டினே? நானு பாவம்னு பெரிய துண்டா பாத்து வேற குடுத்துட்டேன்!"

அவளிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லக்கூடிய ஆள்தான் அந்தக் கடற்கரை முழுவதிலும் இல்லை.

"சும்மாத்தான்" என்றாள். காசைக் கொடுத்துவிட்டு, கூட்டம் கடலைப் பார்த்து வந்துகொண்டிருந்த வழியில், எதிர்த்திசையில், பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள்.